ஆன்சரிங் மெஷினுக்கு ஆறு வேலை: எந்த வேலையில் நிற்கிறது என்று பாருங்கள்

ஆள் இல்லாத நேரத்தில் லேண்ட்லைன் போனை எடுத்துச் செய்தியைப் பதிந்து வைப்பது ஆன்சரிங் மெஷின். “மெஷின் போச்சு” என்று பரணில் ஏற்றிவிட்டதை இறக்கிப் பார்த்தால், பல நேரம் மெஷினில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வேறு எதற்கோ வந்த அடாப்டரைச் செருகியிருப்பார்கள். சுவரிலிருக்கும் போன் பெட்டியின் திருகில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் இளகி ஒழுகியிருக்கும். இல்லையென்றால் மெமரி நிரம்பி, இனி எழுத இடமில்லை என்று சும்மா உட்கார்ந்திருக்கும். இவை எல்லாமே வீட்டிலேயே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள். கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்த மெஷின் என்ன வேலையை எந்த வரிசையில் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

வட சென்னையில் லேண்ட்லைனை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் பழைய நம்பரையே வைத்திருக்கும் அலுவலகங்கள். வண்ணாரப்பேட்டையில் கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் குடும்பங்கள். செல்போன் திரையோடு மல்லுக்கட்டப் பிடிக்காத பெரியவர்கள். இவர்களிடம் இருக்கும் மெஷின் பர்மா பஜாரில் வாங்கியதாக இருக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டுவந்ததாக இருக்கும். வெளிநாட்டு மெஷின் என்றால் அதற்கே உரிய சில தொல்லைகள் உண்டு. அவற்றையும் பார்ப்போம்.

வாய்ஸ்மெயிலும் இதுவும் ஒன்றல்ல

செல்போனில் வரும் வாய்ஸ்மெயில் உங்கள் போனுக்குள் இல்லை. அது போன் கம்பெனியின் கட்டடத்தில், அவர்கள் கணினியில் இருக்கிறது. உங்கள் போன் அணைந்திருந்தாலும் அது பேசும். ஆன்சரிங் மெஷின் உங்கள் வீட்டு மேசை மேல் இருக்கிறது. செய்தி பதிவாவதும் அங்கேயேதான். வீட்டில் கரண்ட் இல்லையென்றால் அது வேலை செய்யாது. லைன் இறந்திருந்தாலும் செய்யாது.

“கரண்ட் போனாலும் போன் வேலை செய்யுதே, மெஷின் மட்டும் ஏன் செய்யலை?” என்று கேட்பவர்கள் நிறைய. பழைய செம்புக் கம்பி லைனில் சாதாரண போனுக்குத் தேவையான மின்சாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்த இரண்டு கம்பி வழியாக வருகிறது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகள் உண்டு. போன் குடிப்பது சொற்பம் என்பதால் அது போதும். மெஷினுக்கு மோட்டார், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம் ஓட வேண்டும். அதற்குத்தான் சுவர் பிளக்கில் தனி அடாப்டர்.

பக்கத்து வீட்டம்மா செய்யும் வேலை

நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள். “யாராவது வந்தா என்னன்னு கேட்டு வைங்கக்கா” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அந்த அக்கா என்ன செய்வார்? கதவு தட்டும் சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, யாரும் திறக்கவில்லை என்றால் வெளியே வருவார். “அவங்க இல்ல, என்ன விஷயம் சொல்லுங்க” என்பார். வந்தவர் சொல்வதைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அவர் போனதும் கதவைச் சாத்துவார். நீங்கள் திரும்பியதும் தாளைப் படித்துக் காட்டுவார்.

மெஷின் செய்வதும் அதேதான்: மணியைக் கேட்பது, எடுப்பது, நீங்கள் பதிந்து வைத்த அறிவிப்பைச் சொல்வது, வந்த செய்தியைப் பதிவது, வைப்பது, பிறகு உங்களுக்குப் போட்டுக் காட்டுவது. மொத்தம் ஆறு வேலை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி உறுப்பு இருக்கிறது. எந்த வேலை வரை ஒழுங்காக நடந்து எதில் நிற்கிறது என்று பார்த்தாலே, எந்த உறுப்பைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். ரிப்பேர்காரரிடம் போனாலும் “வேலை செய்யலை” என்று சொல்வதைவிட, “எடுக்குது, பேசுது, பீப் வருது, ஆனா பதியலை” என்று சொன்னால் பாதி நேரமும் பாதிச் செலவும் மிச்சம்.

மணி கேட்பது: லைனில் என்ன ஓடுகிறது

போனை வைத்திருக்கும் நிலையில் லைனின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சுமார் 48 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசை மின்சாரம், நிற்கும். மல்டிமீட்டரில் 45-லிருந்து 52 வரை காட்டினால் சரி. யாராவது கூப்பிட்டால் அதன் மேல் 75 வோல்ட்டை ஒட்டிய ஏ.சி. ஏறி வருகிறது. நொடிக்கு சுமார் 25 தடவை திசை மாறும் மின்சாரம் அது. இதற்குப் பெயர் ரிங் வோல்டேஜ். மெஷினின் வாசலில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் டி.சி.யைத் தடுத்து இந்த ஏ.சி.யை மட்டும் உள்ளே விடும். மெஷின் மணியை எண்ணத் தொடங்கும்.

இங்கேதான் வெளிநாட்டு மெஷின் முதல் தப்பைச் செய்கிறது. நம் ஊர் மணி “ட்ரிங்-ட்ரிங்” என்று இரட்டையாக வரும்: 0.4 நொடி ஒலி, 0.2 நொடி இடைவெளி, மறுபடி 0.4 நொடி ஒலி, பிறகு 2 நொடி அமைதி. அமெரிக்க மணி 2 நொடி நீளமாக ஒரே ஒலி, பிறகு 4 நொடி அமைதி. அந்த ஊர்க் கணக்கில் செய்த சில மெஷின்கள் நம் இரட்டை மணியை இரண்டு மணியாக எண்ணும். நான்காவது மணியில் எடு என்று வைத்தால், 12 நொடி பொறுக்க வேண்டியது 6 நொடியிலேயே எடுத்துவிடும். முட்டி வலியோடு உள் அறையிலிருந்து வரும் பாட்டி போனைத் தொடுவதற்குள் மெஷின் பேசிக்கொண்டிருக்கும். இது பழுதல்ல. மணி எண்ணிக்கையை 6 அல்லது 8 என்று கூட்டி வையுங்கள், போதும்.

“டோல் சேவர்” என்று ஒரு நிலை சில மெஷினில் உண்டு. புதுச் செய்தி இருந்தால் சீக்கிரம், பொதுவாக இரண்டாவது மணியில் எடுக்கும். இல்லையென்றால் நான்காவது மணி வரை பொறுக்கும். வெளியூரிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பவர், மூன்றாவது மணி வந்ததும் “செய்தி எதுவும் இல்லை” என்று புரிந்துகொண்டு காசு செலவில்லாமல் வைத்துவிடலாம். மெஷின் ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதமாக எடுக்கிறது என்று கவலைப்படுபவர்கள் முதலில் இந்த சுவிட்சைப் பாருங்கள்.

எடுப்பது: ரிலேயும் அடாப்டரும்

எண்ணிக்கை முடிந்ததும் உள்ளே “டிக்” என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச். அது மூடியதும் லைனில் மின்னோட்டம் ஓடத் தொடங்கும், 48 வோல்ட் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். “போனை எடுத்துவிட்டார்கள்” என்று எக்ஸ்சேஞ்ச் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. டிக் சத்தம் வந்தும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கும். அதை மாற்ற வேண்டியது ரிப்பேர்காரர்.

டிக் சத்தமே இல்லையென்றால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். அடாப்டரில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உள்ளே போகும் வோல்டேஜ். அமெரிக்க அடாப்டரில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய சில நிமிடத்தில் கருகிவிடும். இரண்டாவது, வெளியே வரும் வோல்டேஜ். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதே அதிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, அது ஏ.சி.யா டி.சி.யா என்பது. எண்ணுக்குப் பக்கத்தில் அலைபோல ஒரு கோடு இருந்தால் ஏ.சி.; நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி. ஏ.சி. கேட்கும் மெஷின்களும் உண்டு, ஒரே மாதிரி பிளக் என்று மாற்றிச் செருகக் கூடாது. நான்காவது, டி.சி.யாக இருந்தால் பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் வட்டப் படம். தலைகீழாகக் கொடுத்தால் மெஷின் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

மீட்டரில் அளக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கனமான டிரான்ஸ்பார்மர் வகை அடாப்டரைத் தனியாக அளந்தால், 9 வோல்ட் என்று போட்டது 12, 13 கூடக் காட்டும். சுமை இல்லாததால் அப்படி. மெஷினில் செருகினால் தானாக இறங்கும். இதைப் பார்த்து நல்ல அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

பழைய வகை இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், கரண்ட் போன நேரத்தில் பதிவான செய்திகளில் மட்டும் “ம்ம்ம்” என்று ஓர் உறுமல் இருக்கும். அந்த இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் வளைவான அலையாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி வருவதால் அடாப்டர் அப்படி உறுமுகிறது. கரண்ட் இருக்கும்போதும் உறுமினால், அடாப்டருக்கோ மெஷினுக்கோ உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

இதுவரை: மணியே கேட்கவில்லை என்றால் லைன், மணி கேட்டும் எடுக்கவில்லை என்றால் அடாப்டர், மெமரி நிறைவு, ரிலே என்ற வரிசையில் பாருங்கள். மெமரி நிறைந்த சில மெஷின்கள் எடுக்கவே எடுக்காது, சில 10 தடவை மணி ஒலித்த பிறகு எடுக்கும்.

சொல்வதும் பதிவதும்: டேப் மெஷினின் உயிர்

டென்மார்க்கில் வால்டமார் பவுல்சன் 1898-ல் காந்தத்தால் ஒலியைப் பதியும் கருவியைச் செய்தார். போனில் ஆள் இல்லாத நேரத்துச் செய்தியைப் பிடித்து வைப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. நம் மெஷினில் இருப்பது இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் நாடா. தத்துவம் ஒன்றுதான்: ஒலி மின்சாரமாகி, மின்சாரம் காந்தமாகி, அந்தக் காந்தம் நாடாவில் தங்கிவிடும்.

மெஷினின் மூடியைத் திறந்து கேசட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் சின்ன உலோக முகம் தெரியும். அதுதான் ஹெட். அதன் நடுவே தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு கீறல் இருக்கிறது. ஒலி நாடாவுக்குப் போவதும் வருவதும் அந்தக் கீறல் வழியாக. பக்கத்தில் ஊசி போன்ற எஃகுத் தண்டு, அதற்குப் பெயர் கேப்ஸ்டன். அதோடு ஒட்டிச் சுழலும் கறுப்பு ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர். நாடாவை ஒரே வேகத்தில் இழுப்பது இந்த ஜோடிதான். சாதாரண கேசட்டில் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், மைக்ரோகேசட்டில் 2.4 அல்லது 1.2. வேகம் குறையக் குறைய, அழுக்கு செய்யும் கெடுதல் கூடும். ஹெட்டில் மெல்லிய படலம் ஏறினாலே குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிடும்.

சுத்தம் செய்யத் தேவை: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நாலைந்து காது துடைக்கும் பஞ்சுக்குச்சி. ஆல்கஹால் ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் கிடைக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம். அதில் தண்ணீரும், சிலவற்றில் எண்ணெய்ப் பசையும் இருக்கும்.

அடாப்டரையும் போன் வயரையும் கழற்றிவிடுங்கள். போன் வயரைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கை வைத்திருக்கும் நேரத்தில் மணி வந்தால் அந்த 75 வோல்ட் சுளீர் என்று அடிக்கும். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பாட்டில் வாயில் வைத்துப் பிழிந்து, சொட்டாத ஈரத்தோடு ஹெட்டின் முகத்தை நாடா ஓடும் திசையிலேயே துடையுங்கள். முதல் குச்சி காபித்தூள் நிறத்தில் வரும். அது நாடாவிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு. வெள்ளையாகவே வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பக்கத்தில் இருக்கும் அழிக்கும் ஹெட்டையும், அடுத்து கேப்ஸ்டனையும் துடையுங்கள். பிஞ்ச் ரோலரை லேசாக ஒரே ஒரு முறை துடைத்து உடனே காய்ந்த குச்சியால் ஒற்றிவிடுங்கள். ஆல்கஹால் ரப்பரில் ஊறினால் நாளடைவில் அது வெடிக்கும். 10 நிமிடம் காயவிட்டு, பிறகு கேசட்டைப் போடுங்கள். கடலோரத் தெருக்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, உள்ளே பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

குரல் ஆடினாலோ இழுத்து இழுத்து வந்தாலோ, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் நாடா நகராவிட்டாலோ, காரணம் பெல்ட். 20, 30 வருஷம் ஆன ரப்பர் பெல்ட் ஒன்று தளரும், இல்லையென்றால் வேதியியல் மாற்றத்தில் தார் மாதிரி உருகி சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். கையில் பட்டால் எளிதில் போகாது. அதை ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு துளி விடாமல் எடுத்த பிறகே புதுப் பெல்ட் போட வேண்டும். அளவு எடுக்க, பழைய பெல்ட் போன பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளத்தைப் பாருங்கள். அதைவிட 5 சதவீதம் குறைவான சுற்றளவு உள்ள பெல்ட் சரியாக இருக்கும். இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று அதைவிடச் சிறியதைப் போட்டால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேயும்.

அறிவிப்புக்குத் தனி கேசட் உள்ள மெஷின்களில் சிலவற்றில் முடிவில்லாமல் சுற்றும் நாடா இருக்கும். அதில் ஓரிடத்தில் வெள்ளித்தாள் போல ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அந்தத் துண்டு இரண்டு உலோக முனைகளைத் தொடும்போது “ஒரு சுற்று முடிந்தது, பீப் கொடு” என்று மெஷினுக்குத் தெரியும். அறிவிப்பு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்து பீப் வரவில்லை என்றால், அந்த முனைகளைத் துடையுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக மெஷினையே மாற்றியவர்கள் உண்டு என்பதுதான் வருத்தம். சாதாரண கேசட்டில் பதிபவர்கள், தொடக்கத்தில் இருக்கும் நிறமற்ற வெற்று நாடாவைத் தாண்டி ஓடவிட்டுப் பதியுங்கள். இல்லையென்றால் “வணக்கம்” என்பதில் “வண” காணாமல் போகும்.

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்

மின்விசிறியை நிறுத்துங்கள். கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பவர்கள் சாலைப் பக்க ஜன்னலை மூடிவிட்டுப் பதியுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, 12-லிருந்து 15 நொடிக்குள் பேசி முடியுங்கள். எதிர்முனையில் இருப்பவர் நம் சித்தப்பாவாகவோ பால்காரராகவோ இருக்கலாம். பதிந்த குரல் என்றதும் பலர் வைத்துவிடுவார்கள். அதனால் இப்படிச் சொல்லலாம்: “வணக்கம், இது எங்க வீட்டு மெஷின். வச்சிராதீங்க. பீப் சத்தம் வந்ததும் உங்க பேரு, நம்பர், விஷயம் மூணும் சொல்லுங்க. நாங்க கூப்பிடறோம்.” ஊரில் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, எப்போது வருவோம் என்பதெல்லாம் அறிவிப்பில் வேண்டவே வேண்டாம்.

வெளியிலிருந்து செய்தி கேட்கும் வசதி இருந்தால், கம்பெனி வைத்து அனுப்பிய ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிடுங்கள். அந்த எண் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும்.

டிஜிட்டல் மெஷின்

இதில் நாடா இல்லை, துடைக்கவும் ஒன்றும் இல்லை. குரல் எண்களாக மாறி ஒரு சிப்பில் தங்கும். பொதுவாக 15 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை இடம் இருக்கும். பழைய வகைகளில் சிப்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், கரண்ட் போனால் செய்தியும் போகும். அதற்காகத்தான் அடியில் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, அடாப்டர் செருகியிருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் உதிர்த்து, ஆல்கஹாலால் துடையுங்கள். பிளாஷ் மெமரி உள்ள பிந்தைய மெஷின்களுக்குச் செய்தியைக் காக்க பேட்டரி தேவையில்லை. கடிகாரத்துக்கு மட்டும் இருக்கலாம்.

வைப்பது: யாரும் பேசாத மூன்று நிமிடம்

செய்தியைப் போட்டால் “பீங்... பீங்... பீங்...” என்று நீளமாக ஓடுகிறது, கடைசியில் ஒன்றுமே இல்லை. இந்தக் குறைதான் அதிகம் கேட்பது. இது போன் கம்பெனியின் கோளாறுமல்ல, மெஷின் கெட்டதுமல்ல. இரண்டுக்கும் மொழி புரியவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிட்டவர் வைத்ததை மெஷின் எப்படி அறிகிறது? மூன்று வழி உண்டு. எதிர்முனை வைத்ததும் சில எக்ஸ்சேஞ்சுகள் லைனின் மின்னோட்டத்தை ஒரு கணம் வெட்டிவிடும். அமெரிக்க மெஷின்கள் பெரிதும் நம்புவது அந்த வெட்டை. இரண்டாவது, சில நொடி அமைதி நிலவினால் மெஷின் தானே வைத்துவிடும். மூன்றாவது, பிஸி டோனைக் கேட்டு வைப்பது. நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, 0.75 நொடி வரும், 0.75 நொடி நிற்கும். அமெரிக்க டோன் வேறு சுருதி, அரை நொடி வந்து அரை நொடி நிற்கும். அந்தத் தாளத்துக்குப் பழகிய மெஷின் நம் டோனை யாரோ பேசுவதாக நினைத்து, ஒதுக்கிய நேரம் முழுக்கப் பதிந்துகொண்டே இருக்கும். ஒரு செய்திக்கு 3 நிமிடம் என்று வைத்திருந்தால், பேசாமல் வைத்த ஐந்து பேரிலேயே 15 நிமிட மெமரி தீர்ந்துவிடும். ஆறாவதாக உண்மையிலேயே அவசரமாகக் கூப்பிட்டவரின் செய்தியைப் பதிய இடம் இருக்காது.

தீர்வு எளிது. ஒரு செய்தியின் நேரத்தை 1 நிமிடமாகக் குறையுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினென்றால் தினமும் மாலையில் கேட்டு அழித்துவிடும் பழக்கம் வேண்டும். மெஷின் ஓடும்போது வீட்டில் வேறு போனை எடுத்தால், லைன் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதைக் கண்டு மெஷின் விலகிக்கொள்ள வேண்டும். விலகாமல் உங்கள் பேச்சையும் சேர்த்துப் பதிந்தால், மெஷினின் நிறுத்து பட்டனை அமுக்குவதே வழி.

இதுவரை: மங்கலாகக் கேட்டால் ஹெட், ஆடினால் பெல்ட், பீப் வராவிட்டால் அந்த இரண்டு முனைகள், பீங் பீங் என்று நிறைந்தால் செய்தி நேரம்.

உப்புக் காற்று, மழை, இடி

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உப்புதான் போன் பெட்டிக்குள்ளும் போகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைக்கும். அந்த ஈரப் படலம் வழியாக 48 வோல்ட் ராப்பகலாகக் கசியும். மின்சாரம் கசியும் இடத்தில் செம்பு கரையும். அதனால்தான் பெட்டியைத் திறந்தால் இரண்டு திருகில் ஒன்றில் மட்டும் பச்சை அதிகமாக இருக்கும். அதுதான் பிளஸ் பக்கம். எக்ஸ்சேஞ்சில் பிளஸ்ஸை பூமியில் இணைத்து, லைனில் மைனஸ் 48-ஐ அனுப்புவதும், மண்ணுக்குள் போகும் கம்பி இப்படிக் கரையாமல் இருக்கத்தான்.

மழைக்காலத்தில் லைனில் “கரகர” சத்தம், மணி பாதியில் அறுவது, யாரும் கூப்பிடாமலே மெஷின் எடுப்பது, இதற்கெல்லாம் இந்தக் கசிவே காரணமாக இருக்கலாம். போனை வைத்திருக்கும்போது மீட்டரில் 48-க்குப் பதில் 30 காட்டினால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். இடி இல்லாத நாளில், காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறங்கள். கம்பியைக் கழற்றி, கறுத்த முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாகத் தோல் சீவுங்கள். திருகையும் தகட்டையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, கம்பியைத் திருகு சுற்றும் திசையிலேயே சுற்றி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவினால் உப்புக் காற்று அண்டாது. அதற்கப்புறமும் 30-தான் என்றால் கோளாறு வெளியே, கம்பத்துப் பெட்டியிலோ கேபிளிலோ. லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

இடியைப் பொறுத்தவரை, வீட்டில் போன் லைன், மின்சார லைன் இரண்டையும் ஒரே உடம்பில் தாங்குவது இந்த மெஷின், இன்டர்நெட் மோடம் போன்றவைதான். ஒரு பக்கம் ஏறும் மின்னழுத்தம் இதன் வழியாக மறுபக்கம் பாயும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் இரண்டு வயரையும் கழற்றிவிடுவதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை. இடிக்குப் பிறகு, மெஷினைச் செருகினால் லைன் சாகிறது, கழற்றினால் உயிர் வருகிறது என்றால், வாசலில் காவலுக்கு இருக்கும் தட்டையான வட்ட உறுப்பு ஒன்று அடியைத் தான் வாங்கிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கும். அதற்குப் பெயர் வேரிஸ்டர். சில ரூபாய்ப் பொருள்தான். மெஷினைத் தூக்கிப்போடாதீர்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். பிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் டிரான்ஸ்பார்மர், பெரிய ஸ்பீக்கர் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அவற்றின் காந்தம் நாடாவில் உறுமலைச் சேர்க்கும், நெருங்கினால் பதிவையே கெடுக்கும். தூசிக்குப் பருத்தித் துணி போர்த்தலாம். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

பைபர் லைனுக்கு மாறியவர்களுக்கு

செம்புக் கம்பியை எடுத்துவிட்டு பைபர் கொடுத்த வீடுகளில் 48 வோல்ட்டும் மணியும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய மோடம் பெட்டிதான் அவற்றைத் தயாரிக்கிறது. ஆன்சரிங் மெஷினை அந்தப் பெட்டியின் போன் துளையில் செருகினால் வேலை செய்யும். ஆனால் கரண்ட் போனால் போனும் சேர்ந்து போகும். மோடத்துக்கு மட்டும் சின்ன யு.பி.எஸ். வைத்தால் மணி அடிக்கும், மெஷின் எடுக்காது. இரண்டுக்கும் வையுங்கள். 12 வோல்ட்டும் 9 வோல்ட்டும் தனித்தனியாகத் தரும் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. அது தருவது டி.சி. என்பதால் உங்கள் மெஷின் டி.சி. கேட்கும் வகைதானா என்று முதலில் பாருங்கள்.

பத்து நிமிடச் சோதனை

மெஷினைக் கழற்றி, சாதாரண போன் ஒன்றை நேராகச் சுவர்ப் பெட்டியில் செருகுங்கள். டயல் டோன் சுத்தமாக இருக்கிறதா? இல்லையென்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், லைனைப் பாருங்கள். இருந்தால் மெஷினைச் செருகி, போனை மெஷினின் பின்புறத் துளையில் மாட்டுங்கள். “லைன்” என்ற துளையும் “போன்” என்ற துளையும் இடம் மாறவில்லையே? இப்போதும் டோன் இருந்தால் செல்போனிலிருந்து கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்று ஆறு வேலையையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். எத்தனை மணி, டிக் சத்தம் வந்ததா, அறிவிப்பு முழுசா, பீப் வந்ததா, பதிந்ததா, நீங்கள் வைத்ததும் அதுவும் வைத்ததா, பிறகு போட்டால் கேட்கிறதா. நின்ற இடத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

பழைய கேசட்டில் இருக்கும் குரல்

பரணிலிருந்து இறக்கும் மெஷினுக்குள் ஒரு கேசட் இருக்கலாம். அதில் இப்போது இல்லாத தாத்தாவின் குரல் இருக்கலாம், “நான்தாம்மா பேசறேன், சாப்டீங்களா” என்று. பல டேப் மெஷின்கள் கேட்டு முடித்ததும் நாடாவைத் திருப்பி, அடுத்த செய்தியை அதே இடத்தில் எழுதிவிடும். சில மெஷின்கள் பவர் கொடுத்த உடனே நாடாவை ஓட்டிச் சரிபார்க்கும். அதனால் முதலில் கேசட்டை வெளியே எடுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த மெஷினிலும் போடாதீர்கள். ஹெட்டிலும் அடுத்த கேசட்டிலும் அது தொற்றும். அதைச் சுத்தம் செய்வது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

நாடா நன்றாக இருந்தால், வேறு கேசட்டைப் போட்டு மெஷினைச் சோதித்து, ஹெட்டைத் துடைத்து, பெல்ட் சரியாக இழுக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். போன் லைனை இணைக்காமல் பழைய கேசட்டைப் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் தள்ளி செல்போனை வைத்துப் பதியுங்கள். இயர்போன் துளை இருந்தால் வயர் வழியாகக் கணினியில் பதிவது இன்னும் தெளிவாக வரும். பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டின் மேல் பெயரும் வருஷமும் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு இறுக மூடும் டப்பாவில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மெஷினில் இனி புதுக் கேசட் ஓடட்டும்.